பழைய அவுட்போர்டு மோட்டார்: பீச்சும் தண்ணீர் சொல்வதும் சொல்லாததும்

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை ஸ்டார்ட் செய்ததும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போகும். இன்ஜினின் பின்பக்கத்தில் மெல்லிய கம்பி போலப் பீச்சும் தண்ணீரைத் தேடும். வந்தால் நிம்மதி, வராவிட்டால் பதற்றம். இரண்டையும் முழுசாக நம்ப முடியாது. தண்ணீர் பீச்சினால் கீழே இருக்கும் பம்ப் வேலை செய்கிறது என்று தெரியும். இன்ஜினின் தலைப்பகுதி சூடேறாமல் இருக்கிறதா என்பது அதிலிருந்து தெரியாது. பீச்சவில்லை என்றால் பம்ப் செத்திருக்கலாம், அல்லது அந்தச் சின்னத் துளையில் ஒரு குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். பத்து, இருபது வருடம் ஓடிய மோட்டாரில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் பாதி வேலை. மீதியை ஒரு தெர்மாமீட்டர் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் போகும் வழி

காரில் இருப்பது போல ரேடியேட்டரோ, சுற்றிச் சுற்றி ஓடும் கூலன்ட்டோ இங்கே கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினுக்குள் ஒரு முறை ஓடவிட்டு, சூடான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. வழி இதுதான். புரொப்பல்லர் இருக்கும் கீழ்ப்பெட்டியின் பக்கவாட்டில், சில மாடல்களில் முன்பக்கத்திலும், சல்லடை போட்ட துளைகள் இருக்கும். தண்ணீர் அதன் வழியாக நுழைகிறது. கீழ்ப்பெட்டியின் மேல்பகுதியில், புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்குச் சற்று மேலே, வாட்டர் பம்ப் இருக்கிறது. இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் டிரைவ் ஷாஃப்ட்தான் அதையும் சுற்றுகிறது. பம்ப் தள்ளிய தண்ணீர், இன்ஜினையும் கீழ்ப்பெட்டியையும் இணைக்கும் நடுக்காலுக்குள் ஓடும் ஒரு நீண்ட குழாய் வழியே மேலே ஏறி, எக்ஸாஸ்ட் பகுதியைச் சுற்றி, சிலிண்டர்களைச் சுற்றி, சிலிண்டர் ஹெட்டுக்குப் போகிறது. அங்கே தெர்மோஸ்டாட், அதாவது சூடேறினால் தானாகத் திறக்கும் வால்வு, வழிவிட்டால் வெளியேறி, புகையோடு கலந்து கீழே தண்ணீருக்குள்ளேயே போய்விடும்.

இந்தப் பாதையின் ஏதோ ஓரிடத்தில் ஒரு சிறு கிளை பிரிந்து வெளியே வருகிறது. நாம் பார்க்கும் பீச்சல் அதுதான், டெல்டேல் என்பார்கள். எந்த இடத்தில் பிரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல மோட்டார்களில் தண்ணீர் தெர்மோஸ்டாட்டை அடையும் முன்பே அது பிரிந்துவிடுகிறது. அதனால் தெர்மோஸ்டாட் மூடியபடி ஒட்டிக்கொண்டிருந்தாலும், சிலிண்டர் ஹெட்டின் பாதைகளில் உப்பு கட்டியாகப் படிந்திருந்தாலும், டெல்டேல் கம்பீரமாகப் பீச்சிக்கொண்டே இருக்கும். மிகப் பழைய சில மாடல்களில் டெல்டேலே இருக்காது. நடுக்காலின் பின்பக்கத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் துளைகளில் தண்ணீர்த் துளியும் ஈரப்புகையும் தெறிப்பதுதான் அவற்றில் அடையாளம். அப்படிப்பட்ட மோட்டாரை வாங்கியவர் டெல்டேலைத் தேடிப் பயப்பட வேண்டாம். மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து முதலில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கே வைத்து ஓட்டிப் பார்ப்பது

உலர்ந்த நிலையில் ஒருபோதும் வேண்டாம். பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சில நொடிகளிலேயே உராய்ந்து சூடாகத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் இறகுகள் கருகிப்போகலாம். "ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரு தடவை மட்டும்" என்று ஓட்டிப் பார்ப்பதில் பல நல்ல பம்புகள் போயிருக்கின்றன.

வீட்டில் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறிஞ்சும் துளைகளின் மேல் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ரப்பர் கப். காதை மூடும் ஹெட்ஃபோன் போல இருக்கும். அதில் தோட்டக் குழாயை மாட்டி, தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். நியூட்ரலில், ஐடிலில் மட்டும் ஓட்டுங்கள், ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். முன்பக்கத்திலும் துளை இருக்கிற மாடலில் பக்கத்தை மட்டும் மூடினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்கேற்ற கப்பாகப் பார்க்க வேண்டும், அல்லது முன்துளையை டேப் போட்டு அடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்கக் கூடாது. இந்த முறையில் ஒரு சிக்கலும் உண்டு. குழாயின் அழுத்தமே தண்ணீரை ஓரளவு மேலே தள்ளிவிடுவதால், களைத்துப்போன பம்ப் கூட நன்றாக இருப்பது போலத் தெரியும்.

அதனால் பம்பின் உண்மையான பலம் தெரிய வேண்டுமானால் பெரிய டிரம்மில் அல்லது தொட்டியில் மோட்டாரை இறக்கி ஓட்டுவது நல்லது. தண்ணீர் மட்டம், முன்பு சொன்ன அந்தத் தட்டைத் தகட்டுக்கு மேலே குறைந்தது 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பம்ப் தகட்டுக்கு மேலே இருப்பதே காரணம். புகை அந்தத் தண்ணீருக்குள்ளேயே விடப்படுவதால் சீக்கிரம் குமிழி கட்டி, சூடும் ஏறிவிடும். குழாயைத் திறந்து வைத்து, புதுத் தண்ணீர் உள்ளே வந்து பழையது வழிந்து போகும்படி செய்தால் அளவுகள் ஏமாற்றாது. எந்த முறையானாலும் திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மூடிய கொட்டகைக்குள் ஆளையே கொன்றுவிடும்.

முதல் ஐந்து நிமிடம்

ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வெளிவர வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு, டெல்டேல் துளைக்குள் மெல்லிய கம்பியையோ, புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நூலையோ விட்டுத் துழாவுங்கள். மண், பூச்சிக்கூடு, உப்புத்தூள் எது வந்தாலும் ஆச்சரியமில்லை. டெல்டேலுக்குப் போகும் ரப்பர் குழாயை இன்ஜின் பக்கத்தில் கழற்றி வைத்து மீண்டும் ஒரு சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். அங்கே பலமாகத் தண்ணீர் வந்தால் அடைப்பு துளைப்பக்கம்தான் இருக்கிறது. அங்கேயும் இல்லை என்றால், அந்தக் குழாய் மாட்டும் முனையையும் குத்திப் பார்த்துவிட்டுப் பம்பைச் சந்தேகிக்கலாம்.

உறிஞ்சும் சல்லடையையும் பார்த்துவிடுங்கள். பாசி, சிப்பி, பிளாஸ்டிக் பை எல்லாம் வழக்கம். பழைய மோட்டாருக்கு யாரோ ஆசையாகப் பெயின்ட் அடித்தபோது சல்லடைத் துளைகளின் மேலேயும் சேர்த்து அடித்திருப்பார்கள். வெளியே அழகாக இருக்கும், உள்ளே பாதித் துளைதான் திறந்திருக்கும்.

தண்ணீர் வருவது உறுதியானால் அதில் கையை நீட்டுங்கள். ஆரம்பத்தில் குளிர்ச்சியாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு பல மோட்டார்களில் வெதுவெதுப்பாக இருக்கும். கையைச் சுடுகிற அளவுக்கு வந்தாலோ, ஆவி கிளம்பினாலோ ஏதோ தவறு.

வெப்பத்தை அளப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருவியை வாங்கச் சொல்ல வேண்டுமானால் அது துப்பாக்கி வடிவில் இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். பளபளப்பான உலோகத்தில் குறிவைத்தால் அது குறைவாகக் காட்டும். அதனால் பெயின்ட் அடித்த மங்கலான பரப்பில், கையளவு தூரத்திலிருந்து அளக்க வேண்டும். பெயின்ட் உரிந்த ஹெட்டாக இருந்தால் அளக்கும் இடத்தில் கறுப்பு மார்க்கரால் கட்டை விரல் அகலத்துக்குப் பூசிக்கொள்ளலாம்.

எங்கே அளப்பது? ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் பக்கத்தில் ஹெட்டின் மேல், பிறகு தெர்மோஸ்டாட் மூடியின் மேல், பிறகு எக்ஸாஸ்ட் மூடியின் மேல். ஐடிலில் பத்து நிமிடம் ஓடிய பிறகு ஹெட்டின் வெப்பம் தெர்மோஸ்டாட் திறக்கும் அளவை ஒட்டி நிற்க வேண்டும். பழைய மோட்டார்களில் அது மாடலைப் பொறுத்து சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸ். எண் மெல்ல ஏறி, தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சில டிகிரி இறங்கி, மறுபடி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் தெர்மோஸ்டாட் உயிரோடு இருக்கிறது.

இவ்வளவு குறைந்த வெப்பத்தில் ஏன் ஓட்டுகிறார்கள் என்று கார் மெக்கானிக் ஒருவர் கேட்கக்கூடும். காரில் 90 டிகிரி சாதாரணம். இங்கே உள்ளே ஓடுவது உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். தண்ணீர் அதிகம் சூடானால் கரைந்திருக்கும் தாதுக்கள் பிரிந்து சுவரில் படியத் தொடங்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே வேலைதான்.

ஒரே ஓர் எண்ணைப் பார்ப்பதைவிட எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது அதிகம் சொல்லும். எல்லா சிலிண்டரும் 58 காட்டும்போது ஒன்று மட்டும் 75 என்றால், அந்தச் சிலிண்டரைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. வி வடிவ இன்ஜினில் இரண்டு பக்கமும் தனித்தனித் தெர்மோஸ்டாட் இருப்பது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் சூடானால் அந்தப் பக்கத்துத் தெர்மோஸ்டாட்டிலிருந்து தேடத் தொடங்கலாம். மேல் சிலிண்டர் மட்டும் சூடாகும் சில மாடல்களில், தண்ணீரைத் திருப்பிவிடுவதற்காகப் பிளாக்குக்குள், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலுக்குள், செருகியிருக்கும் ரப்பர்த் துண்டுகள் சுருங்கியோ நழுவியோ போயிருக்கும். எண்களை ஒரு காகிதத்தில் எழுதி மோட்டார் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிட உதவும்.

எப்போது சூடாகிறது?

இதைக் கவனித்தாலே காரணத்தின் பக்கத்தில் போய்விடலாம்.

ஐடிலில் சூடாகி, வேகத்தில் சரியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் தேய்ந்த இம்பெல்லர். அது எப்படி என்றால், இம்பெல்லர் தன் கூட்டுக்குள் நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். சுற்றும்போது ரப்பர் இறகுகள் சுவரைத் தொட்டபடி ஒரு பக்கம் விரிந்து தண்ணீரை அள்ளும், மறுபக்கம் மடங்கிப் பிழிந்து தள்ளும். மெதுவாகச் சுற்றும்போது இந்தப் பிழிதல்தான் முழு வேலையும் செய்கிறது. இறகு நுனி தேய்ந்திருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நழுவி, மேலே ஏறுவது குறையும். வேகம் ஏறும்போது தண்ணீரின் அழுத்தத்தில் இறகுகள் சுவரைவிட்டு விலகி, பம்ப் வெறும் சுழற்சியின் வேகத்தாலேயே தண்ணீரை வீசித் தள்ளுகிறது. அப்போது தேய்ந்த இறகும் ஓரளவு ஒப்பேற்றிவிடும்.

ஐடிலில் சரி, வேகத்தில் சூடு என்றால் கதை வேறு. சல்லடையில் அடைப்பு, பிளாக்கில் படிவு, அல்லது வேகத்தில் திறந்து கூடுதல் தண்ணீர் விட வேண்டிய அழுத்த வால்வு ஒட்டிக்கொண்டிருப்பது. எல்லா மோட்டாரிலும் அந்த வால்வு இல்லை. இருந்தால் ஸ்பிரிங்கும் ரப்பர் இருக்கையும் கொண்டு, தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வழக்கம். இன்னொரு காரணம் எளிதில் கண்ணுக்குப் படாது: இம்பெல்லரின் ரப்பர், நடுவில் இருக்கும் பித்தளை வளையத்திலிருந்து ஒட்டு விட்டிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது கூடவே வரும், பாரம் ஏறினால் வழுக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் இறகுகள் புத்தம் புதிதாக இருக்கும். மோட்டாரைப் படகில் மிக உயரமாக மாட்டியிருந்தாலும் வேகத்தில் உறிஞ்சும் துளை மேலெழுந்து காற்றை இழுக்கும். அந்தத் தட்டைத் தகடு படகின் அடிப்பகுதி மட்டத்தை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போதுமே சூடேறாமல், அரை மணி நேரம் ஓடியும் 35 டிகிரியிலேயே நின்றால் அதையும் நல்லது என்று விட்டுவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்துவிட்டார், அல்லது அழுத்த வால்வின் அடியில் மணல் சிக்கி மூடாமல் கிடக்கிறது. குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாது. பிளக் கரி பிடிக்கும், ஐடில் தடுமாறும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். "சூடாகிறது, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள்" என்ற யோசனை எங்கும் கேட்கும். அது காய்ச்சல் வந்தவனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்குவது மாதிரி.

தண்ணீர் எல்லாம் சரியாக ஓடியும் சூடாகிறது என்றால், டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் கார்பரேட்டர் அடைத்துப் பெட்ரோல் குறைவாகப் போவதும், இக்னிஷன் டைமிங் முந்தியிருப்பதும், ஆயில் குறைவதும் காரணமாகலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இம்பெல்லரை மாற்றுவது

வரலாறு தெரியாத மோட்டாரை வாங்கினால் இம்பெல்லரைப் பரிசோதிக்க வேண்டுமா என்ற கேள்வியே வேண்டாம், மாற்றிவிடுங்கள். தொடர்ந்து ஓடும் மோட்டாரில் வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். மணலும் சேறும் கலந்த தண்ணீரில் ஓடினால் இன்னும் சீக்கிரம். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெட்டுப்போகும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இறகு, அந்த வளைவிலேயே கெட்டியாகி நிமிராமல் போய்விடும்.

வேலைக்கு முன் பிளக் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கையால் புரொப்பல்லரைத் திருப்பும்போது இன்ஜின் துள்ளக் கூடாது. சர்வீஸ் புத்தகம் சொல்லும் கியரில் வையுங்கள். சில மாடலுக்கு நியூட்ரல், சிலவற்றுக்கு ஃபார்வர்ட். கியர் மாற்றும் கம்பி பல மாடல்களில் நடுக்காலின் பக்கத்து மூடிக்குள் இணைந்திருக்கும். அதைப் பிரிக்காமல் கீழ்ப்பெட்டி இறங்காது. பிறகு கீழ்ப்பெட்டியின் போல்ட்டுகள். எல்லாவற்றையும் கழற்றியும் இறங்கவில்லையா? புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் சின்னத் துடுப்புக்கு அடியில் ஒரு போல்ட் ஒளிந்திருக்கக்கூடும். அந்தத் துடுப்பு எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பிறகு படகு ஒரு பக்கமாக இழுக்கும்.

அப்படியும் இறங்காவிட்டால் இணைப்பில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அலுமினியம் உடனே பள்ளம் விழுந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, இரு பக்கமும் மர ஆப்பு வைத்து மாறி மாறி மெல்லத் தட்டுங்கள். பெரிய மோட்டாரின் கீழ்ப்பெட்டி ஓர் ஆள் ஒற்றைக் கையால் தாங்கும் எடையில் இருக்காது. திடீரென்று விடுபட்டு விழும். கீழே கூட ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

பம்ப் கூட்டைத் திறந்ததும் இம்பெல்லரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் இறகுகளை எண்ணுங்கள். ஒன்று ஒடிந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே குழாயிலோ பிளாக்கிலோதான் உட்கார்ந்திருக்கிறது. புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று புலம்புகிற பலரின் மோட்டாரில் பழைய இறகுத் துண்டு இருக்கும். கீழ்ப்பெட்டி கழன்றிருக்கும் இந்த நேரம், மேல்பாதையைத் தனியாகச் சோதிக்க அருமையான வாய்ப்பு. மேலே ஏறும் தண்ணீர்க் குழாயின் கீழ் முனையில் தோட்டக் குழாயைப் பிடித்துத் திறந்துவிடுங்கள். பம்பே இல்லாமல் டெல்டேலிலும் எக்ஸாஸ்ட் பக்கத்திலும் தாராளமாக வந்தால் பாதை திறந்திருக்கிறது. தயங்கித் தயங்கி வந்தால் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றி, அங்கிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விட்டுத் துண்டுகளை வந்த வழியே வெளியேற்றுங்கள்.

பம்ப் கூட்டின் உள்சுவரில் இருக்கும் ஸ்டீல் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு கோடு இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். கரடான சுவரில் புது ரப்பர் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். இம்பெல்லர், அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவி, கேஸ்கெட், ஓ ரிங், கிண்ணம், தகடு எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குவது நல்லது. கேஸ்கெட் எங்காவது கசிந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும்.

புதியதைப் போடும்போது சாவியை அதன் பள்ளத்தில் ஒரு துளி கிரீஸ் வைத்து ஒட்ட வையுங்கள், நழுவாது. கூட்டின் உள்ளே சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின் தடவுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் சில ரப்பர்களை உப்பவைக்கும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான மோட்டார்களின் டிரைவ் ஷாஃப்ட் கடிகார முள் சுற்றும் திசையில்தான் சுற்றும். ஷாஃப்ட்டை அந்தத் திசையில் திருப்பிக்கொண்டே கூட்டை அழுத்தினால் இறகுகள் தானாகவே சரியான பக்கம் மடங்கி உள்ளே போகும். அதன் பிறகு எதிர்த்திசையில் திருப்பவே கூடாது. இறகு பின்பக்கமாக மடங்கிவிடும்.

மேலே மாட்டும்போது மூன்று இடங்கள். ஷாஃப்ட்டின் மேல்முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும் பல்வரிப் பக்கங்களில் கிரீஸ் தடவலாம், உச்சந்தலையில் தடவக் கூடாது. அங்கே அடைபட்ட கிரீஸ் கீழ்ப்பெட்டியை முழுசாக உட்காரவிடாது. தண்ணீர்க் குழாயின் முனை, பம்பின் மேலே இருக்கும் ரப்பர் வளையத்துக்குள் சரியாக நுழைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: குழாய் வளையத்துக்கு வெளியே மடங்கி நிற்கும், எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. மூன்றாவது கியர்க் கம்பி. போல்ட்டை முறுக்கும் முன் மூன்று கியரும் விழுகிறதா என்று கையால் போட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். பல்வரி சேரவில்லை என்று அர்த்தம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சற்றே திருப்பினால் தானாக ஏறிவிடும்.

தெர்மோஸ்டாட்டும் படிவும்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை, அதன் போல்ட் உடையாமல் இருந்தால். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட், நடுவே உப்பு. இருபது வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். எண்ணெய் ஊறவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால் பெட்ரோல் டேங்கைத் தூர வைத்துவிட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். பொறுமை போனால் போல்ட் தலை போய்விடும். அப்புறம் துளையிட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. திரும்ப மாட்டும்போது மரைகளில் மரைன் கிரீஸ் தடவினால் அடுத்தவர் உங்களை வாழ்த்துவார்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டர் வைத்து மெல்லச் சூடாக்குங்கள். திறக்கும் வெப்பம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். 143 என்று இருந்தால் திகைக்க வேண்டாம், அது ஃபாரன்ஹீட். சுமார் 62 டிகிரி செல்சியஸ். அந்த அளவில் திறக்கத் தொடங்கி, ஆறினால் முழுசாக மூட வேண்டும். பாதியில் நிற்பதைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதில் பயனில்லை, புதிது வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் கூட்டுக்குள் வெள்ளையாகக் கல் போலப் படிந்திருந்தால் அதே அளவு பிளாக்குக்குள்ளும் இருக்கும். மணலும் சேறும் தங்குவது பெரும்பாலும் அடிச் சிலிண்டரைச் சுற்றி. கைக்கு எட்டுவதை வளைத்த கம்பியால் கிளறித் தண்ணீர் விட்டுக் கழுவலாம். படிவுக்கு வெள்ளை வினிகரை வெதுவெதுப்பாக்கி, ஒரு வாளியும் சிறிய பம்பும் வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கழிவறை கழுவும் வலுவான ஆசிட் சீக்கிரம் கரைக்கும்தான், ஆனால் அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும்.

ஒரு முறை கடுமையாகச் சூடான இன்ஜினில் ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஹெட்டில் பெயின்ட் கருகியோ கொப்புளித்தோ இருந்தால் அது நடந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்தால், ஒன்று மற்றவற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஹெட்டைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அலாரம் அடிக்குமா?

பல பழைய மோட்டார்களில் ஹெட்டில் ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும். கொதிநிலையை நெருங்கும்போது, பொதுவாக 90 முதல் 100 டிகிரிக்குள், அது இணைந்து ஹாரனை அலறவைக்கும். அந்த ஒயர் அறுந்து கிடந்தால் ஹாரன் என்றைக்கும் அமைதியாகவே இருக்கும். இந்த வகை சுவிட்ச்சைச் சோதிப்பது எளிது: சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சுவிட்ச்சிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி இன்ஜினின் வெறும் உலோகத்தில் தொடுங்கள். ஹாரன் அடித்தால் ஒயரும் ஹாரனும் நன்றாக இருக்கின்றன. சுவிட்ச்சைத் தெர்மோஸ்டாட் போலவே சூடாக்கி மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஆனால் அது இணையும் அளவு கொதிக்கும் தண்ணீரை ஒட்டியிருப்பதால் தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் சூடாக்குவார்கள், கவனம்.

தண்ணீர் நடுவில் அலாரம் அடித்தால் முதலில் வேகத்தை ஐடிலுக்குக் குறைத்து டெல்டேலைப் பாருங்கள். பீச்சல் நின்றிருந்தால் உடனே நிறுத்தி, மோட்டாரைத் தூக்கிச் சல்லடையில் பை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவழியில் நிகழும் சூட்டில் கணிசமான பங்கு இதுதான். கையால் பிய்த்து எடுத்தால் தீர்ந்தது. பீச்சல் பலமாக இருந்தும் அலாரம் நிற்கவில்லை என்றால் அதுவும் நிறுத்தத்தான். கொதிக்கும் ஹெட்டின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விழும் அல்லது வளையும். மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஐடிலுக்குச் சற்று மேலான வேகத்தில், அலாரம் மறுபடி அடிக்காத வரைக்கும் மட்டும், கரைக்கு வாருங்கள்.

உப்புத் தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் அலசுங்கள். கப் மாட்டி அலசினால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடட்டும். அது திறக்காமல் ஹெட்டுக்குள் நல்ல தண்ணீர் சரியாகப் போகாது. இன்ஜினில் அலசுவதற்கென்றே குழாய் மாட்டும் இணைப்பு இருந்தால், இன்ஜினை நிறுத்தி வைத்து அலச வேண்டுமா, ஓடவிட்டா என்று புத்தகத்தில் பாருங்கள். நிறுத்தி வைத்து அலசும்படி செய்யப்பட்டவையே அதிகம். முடிந்ததும் மோட்டாரைச் சாய்த்து வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் முழுசாக வடியட்டும். உறைபனி விழும் இடத்தில் இதை மறந்தால் உள்ளே தங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகி அலுமினியத்தையே பிளந்துவிடும்.